ஒரே தடவை கூப்பிட்ட குரல்

1

தன் பெயரை மாற்றிக்கொள்ளப் போவதாக என் மகள் சொன்னபோது நான் ஜெராம் கடற்கரையிலிருந்து வாங்கி வந்த மீனை ஆய்ந்துகொண்டிருந்தேன். என் கையில் கத்தி இருந்ததால் அவள் வாசற்படிக்கு அந்தப் பக்கமே நின்று சொன்னாள். புத்திசாலிப் பெண்.

நம் நாகப்பட்டினத்தில் இருக்கிற உங்களுக்கு இந்த விவகாரம் சட்டென்று விளங்காது. இந்த மலாய் நாட்டில் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு வயது ஆனதும் அடையாள அட்டை எடுக்க வேண்டும். என் வீட்டுக்காரருக்கு நீல அட்டை. அவர் இங்கேயே பிறந்தவர், கோலசிலாங்கூர் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். மகளுக்கும் நீலம்தான் வரும். எனக்கு மட்டும் சிவப்பு. சிவப்பு என்றால், இரு, ஆனால் எங்கள் ஆள் இல்லை என்று அர்த்தம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த வீட்டுக்கு ஆக்கிப்போட்டுக்கொண்டிருக்கிறேன். இருந்தும் மேசை இழுப்பறையில் இரண்டு நீலத்துக்கு நடுவே என் சிவப்பு தனியாகக் கிடக்கப் போகிறது என்று நினைத்தால் எரிச்சலாகத்தான் வருகிறது.

அட்டை எடுக்கிற அந்த அலுவலகத்துக்குப் போனாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். போன முறை அதிகாரியைப் பார்த்து, கூட்டாளியைக் கூப்பிடுவது போல ‘கமு’ என்று சொல்லிவிட்டேன். மகள் என் இடுப்பில் கிள்ளி, எனக்குப் பதிலாக அழகான மலாயில் மன்னிப்புக் கேட்டாள். அன்றிலிருந்து நான் வாயைத் திறப்பதில்லை, அவள்தான் என் வாய். அந்த வாய்தான் இப்போது வாசலில் நின்று பெயரை மாற்று என்கிறது.

“செவ்வந்தின்னு கூப்ட்டா கிளாஸ்ல சிரிக்கிறாங்க லா மா. ஷீலான்னு வச்சிக்கிறேன். இப்பவே மாத்தினா அட்டையிலயும் ஷீலான்னு வந்துரும்.”

அந்தப் பெயருக்கு என்னடி குறைச்சல் என்று கேட்டேன். யார் வைத்தது என்றாள். நான்தான் என்றேன். எங்கேயிருந்து எடுத்தாய் என்றாள். ஒரு கதையிலிருந்து என்றேன்.

“கதையில அவ கடைசில என்னா ஆனா?”

மீனைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்துச் செதிலைச் சுரண்டினேன். ஏனென்றால் எனக்குத் தெரியாது.

2

என் பெரிய மாமா உலக யுத்தத்துக்கு முந்தி இந்த நாட்டுக்கு வந்து கிள்ளானில் ஒரு கடையில் வேலை பார்த்தவர். அங்கே வந்துகொண்டிருந்த ஒரு தமிழ்ப் பத்திரிகையில் வாரா வாரம் ஒரு தொடர்கதை. அதை ஒரு வாரம் விடாமல் வெட்டி, சாக்குத் தைக்கிற நூலால் தைத்து வைத்திருந்தார். பெட்டியில் இடம் பற்றாது என்று ஒட்ட ஒட்ட வெட்டியதில் தலைப்பும் போச்சு, எழுதினவர் பெயரும் போச்சு. கதை முடிவதற்குள் அவருக்கு ஊருக்குக் கப்பல் வந்துவிட்டது. ஏறிவிட்டார். கடைசி வாரங்கள் கடலுக்கு இந்தப் பக்கமே தங்கிவிட்டன.

அந்தக் கட்டுதான் எங்கள் வீட்டில் இருந்த ஒரே கதைப் புத்தகம். அதை நாங்கள் ‘மலாயாக் கதை’ என்போம். எத்தனை முறை படித்தேன் என்று கேட்காதீர்கள். பள்ளிக்கூடப் பாடம் மறந்துவிட்டது, அது மறக்கவில்லை. செவ்வந்தி ஒரு தோட்டத்துப் பெண், ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள். அவளுடைய அப்பா, ஆறு, சாய்ந்த புகைக்கூண்டு, பலகை போட்ட துறை எல்லாம் எனக்கு எங்கள் தெருவைவிட நன்றாகத் தெரியும்.

கட்டின் கடைசிப் பக்கம் இதுதான். மசங்குகிற நேரம். செவ்வந்தி கையில் மண்ணெண்ணெய் விளக்கோடு துறைப் பலகையில் நிற்கிறாள். ஆற்றோரத்து மரங்கள் ஒளி விட்டு ஒளி விட்டு அணைகின்றன. எதிர்க்கரையிலிருந்து ஒரு பெண்ணின் குரல் அவள் பெயரைச் சொல்லி, ஒரே ஒரு தடவை கூப்பிடுகிறது. அது யார் குரல் என்று அவளுக்குத் தெரியவில்லை. இருந்தாலும் “இதோ வந்துட்டேன்” என்கிறாள். அதற்குக் கீழே, தொடரும்.

அவ்வளவுதான். மாமா சாகும்வரை, யாருடி கூப்பிட்டிருப்பா என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். தோழியாக இருக்கும் என்பேன், காணாமல் போன அக்காவாக இருக்கும் என்பேன். எப்படியும் நல்லவிதமாகத்தான் முடித்துவைப்பேன், ஓடம் வரும், அவள் அக்கரை சேருவாள். அந்தத் தைரியத்தில்தான் பெற்ற பெண்ணுக்கு அந்தப் பெயரை வைத்தேன்.

3

ஒளி விட்டு அணைகிற மரம் என்பது எழுதினவர் விட்ட புளுகு என்றுதான் ஊரில் இருந்தவரை நினைத்திருந்தேன். மாமாகூட, கிள்ளானில் அப்படியெல்லாம் நான் பார்க்கவில்லை, ஆசாமி அளக்கிறான் என்பார்.

இங்கே வந்தும் வருடக்கணக்கில் எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் என் வீட்டுக்காரரோடு வேலை செய்யும் ஒரு மலாய்க்கார வாத்தியார் வீட்டுக் கல்யாண விருந்துக்காகச் சிலாங்கூர் ஆற்றோரக் கம்பத்துக்கு, நம் ஊர்ப் பேச்சில் கிராமத்துக்கு, போயிருந்தோம். சாப்பிட்டுக் கை கழுவப் பின்பக்கம் போனேன். இருட்டத் தொடங்கிய நேரம். ஆற்றோரத்து மரம் முழுக்க மின்மினி. நம் ஊர் மின்மினி மாதிரி ஒன்று இங்கே ஒன்று அங்கே இல்லை. மரம் மொத்தமும் ஒரே சமயத்தில் எரிகிறது, ஒரே சமயத்தில் அணைகிறது. அணைந்தால் அந்த இடத்தில் மரம் இருந்ததே தெரியவில்லை. எதிர்க்கரையில் ஒரு தோட்டம். அதன் பழைய ரப்பர் புகைவீட்டுக்கு மேலே, சாய்ந்த புகைக்கூண்டு.

ஈரக் கையைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன். இவர் தேடிக்கொண்டு வந்து, என்னா பேயடிச்ச மாதிரி நிக்கிற என்றார். கதை என்றேன். சாப்பாட்டில் காரம் அதிகமா என்று கேட்டார்.

அதன்பிறகு எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று இவர் ஊரெல்லாம் சொல்கிறார். ஓரளவு உண்மைதான். கதையில் செவ்வந்தியின் அப்பா, வெள்ளத்து மண்ணில் புதைந்த ஒரு ஊர் வழியாக நடந்து போவார். கீழே வீடுகள் இருக்கின்றன, செருப்புக் காலோடு மிதிக்கக் கூடாது என்று செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார். அது அம்பாங் பெச்சா, பழைய கோலகுபு இருந்த இடம் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, ஒரு பள்ளி விடுமுறையில் இவரை இழுத்துக்கொண்டு போனேன். அங்கே பார்க்க என்ன இருக்கிறது? புல்லும் மரமும் கொஞ்சம் வீடுகளும்தான். நான் செருப்பைக் கழற்றினேன். இவர் சிரித்தார். அப்போது மகள் சின்னவள், என் புடவையைப் பிடித்துக்கொண்டு, கீழே ஆட்கள் இருக்கிறார்களா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள். இருக்கலாம் என்றேன். அவள் சப்பாத்தைக் கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அந்த வெயிலில் வெறுங்காலோடு கார்வரை நடந்தாள். வழியில் யாரோ கூடவே வருவதைப் போல இரண்டொரு முறை திரும்பிப் பார்த்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஆனால் அந்த ஆற்றைத் தாண்டி அக்கரைக்கு மட்டும் நான் போகவே இல்லை. ஏதோ தடுத்தது. பெயர் மாற்றும் பேச்சு வந்த பிறகுதான், இவளுக்கு அந்த இடத்தைக் காட்டிவிட்டால் பெயரின் அருமை தெரியும் என்று ஒரு நப்பாசை.

4

தோட்டத்துக்குள் ரோடு வழியாகப் போவதென்றால் மேனேஜருக்கு எழுதிக்கேட்டு, அவர் பதில் போட்டு, வாசலில் காவல்காரன் அதைப் படித்துப் பார்த்து... அந்த வேலையே வேண்டாம் என்று கம்பத்துப் பக்கம் காரை நிறுத்திவிட்டோம். பாக் மான் என்ற கிழவரின் சம்பான் படகில் நானும் மகளும் ஆற்றைக் கடந்தோம். இவர் காரிலேயே உட்கார்ந்து ரேடியோவில் பந்தாட்டம் கேட்கப் போவதாகச் சொல்லிவிட்டார்.

துறையில் பலகை போட்டிருந்தது. பக்கத்தில் ஒரு பெண், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், தண்ணீரில் அரிவாளைக் கழுவிக்கொண்டிருந்தார். தோட்டத்தில் இப்போது ரப்பர் போய், எண்ணெய் எடுக்கிற செம்பனை வேலை. குப்பம்மா என்று பெயர் சொன்னார். வாத்தியார் வீட்டம்மா என்றதும் முகம் மலர்ந்து, இளநீர் வெட்டிக் கொடுத்தார். பிறகு என் மகளின் கன்னத்தைத் தொட்டு, பேரு என்னாம்மா என்று கேட்டார்.

மகள் ஷீலா என்று ஆரம்பிப்பதற்குள் நான் முந்திக்கொண்டு, செவ்வந்தி என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

குப்பம்மா தொட்ட கையை எடுத்துக்கொண்டார். எங்களுக்குப் பின்னால் ஆற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இந்தத் தோட்டத்தில் யாரும் பெண்ணுக்கு அந்தப் பெயர் வைப்பதில்லை என்றார். யார் சொல்லி வைத்தீர்கள் என்று கேட்டார். கதையைச் சொன்னேன், மாமாவைச் சொன்னேன். பாதியிலேயே எழுந்து, வாங்க என்று முன்னால் நடந்தார்.

துறைக்குக் கொஞ்சம் தள்ளி, மரத்தடியில் ஒரு கல். மஞ்சள் பூசிப் பொட்டு வைத்திருந்தது. பக்கத்தில் நட்ட குச்சியில் பச்சைக் கண்ணாடி வளையல்கள். முன்னால் வாழையிலை இல்லை. ஒரு தமிழ்ப் பேப்பரை விரித்து, அதன்மேல்தான் பழமும் பொங்கலும் வைத்திருந்தார்கள்.

“இவதான்மா செவ்வந்தி,” என்றார் குப்பம்மா.

அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். அவருடைய அம்மா காலத்தில் தோட்டத்தில் யாருக்கும் படிக்கத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், லயத்து வரிசை வீடுகளுக்கு முன்னால் பெஞ்சு போட்டு உட்கார்ந்து பேப்பரை வரி விடாமல் படிப்பார். எங்கே சண்டை, ரப்பர் என்ன விலை, எந்த ஊரில் யார் செத்தார்கள், பிறகு செவ்வந்தி. எல்லாம் ஒரே பேப்பர், ஒரே குரல். இவர்களைப் பொறுத்தவரை எல்லாமே சேதிதான். அதிலும் செவ்வந்தி இருந்த தோட்டத்து ஆறும் புகைக்கூண்டும் இவர்களுடையதாகவே இருந்தன. எந்த லயம் என்றுதான் தெரியவில்லை, பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் ஆற்றில் விழுந்துவிட்டாள் என்று கிராணி படித்தார்.

நான் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். நாகப்பட்டினத்தில் மாமாவும் நானும் இத்தனை காலம் ஓடம் அனுப்பிக் காப்பாற்றியவள், கிராணி படித்த அன்றே முடிந்துபோயிருக்கிறாள். எனக்கு அழுகை வந்தது. கதைப் பெண்ணுக்காக அழுகிறாளே என்று நீங்கள் சிரித்தால் சிரித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் நின்ற என் மகளின் கையைப் பிடித்தேன், அது சில்லென்று இருந்தது.

லயத்துப் பெண்கள் அன்று மாரடித்து அழுதார்களாம். ஆண்கள் சம்பானில் போய் விடியவிடிய ஆற்றைத் துழாவினார்கள். உடம்பு ஏன் மிதக்கவில்லை என்று மறுநாள் கிராணியிடம் போய்க் கேட்டார்கள். கருமாதி செய்து, கல் நட்டு, பொங்கலும் வைத்த பிறகுதான், இது ஒருத்தர் கற்பனையாக எழுதியது என்று அவர் மெல்லச் சொல்லியிருக்கிறார்.

“எங்கம்மா கேட்டுச்சாம், அப்ப நாங்க அழுத அழுகை யாருக்குன்னு,” என்றார் குப்பம்மா. “கல்லு நட்டாச்சு. அதுக்குப் பொறவு அப்பிடி ஒருத்தியே இல்லன்னு சொன்னா, அவ எங்கதாம்மா போவா? வந்து இருந்துட்டா.”

எதிர்க்கரையிலிருந்து அவளைக் கூப்பிட்டது யார் என்று கேட்டேன். மாமாவுக்காகக் கேட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

“அது பேப்பர்ல வரவே இல்லியாம். அதாம்மா பயம். யாருன்னே தெரியாம, ஒரு தடவ கூப்ட்டதுக்கே போயிட்டா. அதனால இந்த ஆத்தோரம் யாரும் யாரையும் ஒரு தடவ கூப்புட மாட்டோம். மூணு தடவ கூப்ட்டாதான் மனுசன். ஒரு தடவன்னா திரும்பிக்கூடப் பாக்கக் கூடாது.”

என் மகள் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையிலிருந்த ரப்பர் வளையலைக் கழற்றி அந்தக் குச்சியில் மாட்டினாள். யாரும் சொல்லவில்லை, அவளாகவே செய்தாள்.

5

பேச்சில் பொழுது போனது தெரியவில்லை. குப்பம்மா ஒரு தார் வாழைப்பழமும் மரவள்ளிக்கிழங்கு மூட்டையும் துறைக்குக் கொண்டுவந்துவிட்டார், வேண்டாம் என்றால் கேட்கிற ஆளில்லை. கடலிலிருந்து தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது. பாக் மான் சம்பானைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார், பிறகு என்னையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, இரண்டு நடையாகப் போகலாம் என்றார். எனக்குக் கோபம்தான், ஆனால் மனிதர் கணக்கு சரி. முதலில் நானும் மூட்டையும், அடுத்த நடையில் பிள்ளை. குப்பம்மா அவளோடு நின்றுகொண்டார். பாக் மானுக்குத் துறை தெரியட்டும் என்று மகள் கையில் ஒரு மண்ணெண்ணெய் விளக்கைக் கொடுத்தார்.

இக்கரையில் இறங்கினேன். பாக் மான் மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தார். நான் புடவையை உதறிவிட்டுத் திரும்பினேன்.

மசங்குகிற நேரம். எதிரே துறைப் பலகையில் கையில் விளக்கோடு செவ்வந்தி நின்றாள். அவள் பக்கத்தில் யாரும் தெரியவில்லை. பின்னால் சாய்ந்த புகைக்கூண்டு. ஆற்றோரத்து மரங்கள் ஒளி விட்டன, அணைந்தன. மறுபடி ஒளி விட்டன.

அந்தப் பக்கத்தை எனக்கு மனப்பாடமாகத் தெரியும் என்று சொன்னேன் அல்லவா? ஒரு எழுத்து மாறவில்லை.

என் பெண் பலகையின் ஓரத்துக்கு நகர்ந்தாள். அங்கே பாசி, வரும்போதே வழுக்கியது. ஐயோ, விழப் போகிறாள் என்று பதறினேன். பதற்றத்தில் யாருக்குத்தான் புத்தி வேலை செய்யும்?

“செவ்வந்தி!”

குரல் தண்ணீர்மேல் போனது. அது காதில் திரும்ப விழுந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. எதிர்க்கரை. ஒரு பெண்ணின் குரல். ஒரே ஒரு தடவை. மாமா சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தாரே, யாருடி கூப்பிட்டிருப்பா என்று. நான்தான்.

அக்கரையிலிருந்து பதில் வந்தது.

“இதோ வந்துட்டேன்.”

தெளிவான தமிழ். என் வீட்டில் எதற்குக் கூப்பிட்டாலும் ‘கமிங் லா மா’ என்பதைத் தவிர வேறு பதில் நான் கேட்டதில்லை. விளக்கு முன்னால் அசைந்தது. ஒரு கால் பலகையைவிட்டு வெளியே, தண்ணீருக்கு மேலே வந்தது. சம்பான் இக்கரையில், என் காலடியில் கிடந்தது.

மூணு தடவை கூப்பிட்டால்தான் மனுஷி. மறுபடியும் கத்தினேன். “செவ்வந்தி! செவ்வந்தி!”

கால் பின்னால் போனது. இருட்டிலிருந்து குப்பம்மா ஓடிவந்து அவளை இடுப்போடு பிடித்து இழுப்பது விளக்கு வெளிச்சத்தில் தெரிந்தது. பாக் மான் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. இன்னும் இறக்காத வாழைத்தாரோடே சம்பானைத் தள்ளிக்கொண்டு போனார்.

காரில் அவளை மடியோடு அணைத்து உட்காரவைத்திருந்தேன், பன்னிரண்டு வயதுக் கழுதையை. இவர் கண்ணாடி வழியாகப் பார்த்துச் சிரித்தார். தமிழெல்லாம் பிரமாதமாக வருகிறதே, ‘இதோ வந்துட்டேன்’ என்று இங்கே ரேடியோவைத் தாண்டிக் கேட்டது என்று மகளைக் கிண்டல் செய்தார்.

“நான் ஒண்ணும் சொல்லலியேப்பா,” என்றாள் அவள். பிறகு என்னைப் பார்த்தாள். “நீ ரெண்டு தடவதான கூப்ட்ட, மா?”

இவர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

6

நான் தோற்றுவிட்டேன் என்று நீங்கள் எண்ணினால் சரிதான். மறுநாள் காலையிலேயே இவரிடம், ஷீலாவோ சீதாவோ, எதுவானாலும் சரி, பெயரை மாற்றுங்கள் என்று சொல்லிவிட்டேன். அதற்குச் சத்தியப் பிரமாணம் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டுமாம், அதற்கு ஒரு கமிஷனர், அவருக்கு ஒரு நேரம். எல்லாவற்றுக்கும் தயாராக நின்றேன். அந்தப் பெயரைச் சொல்லி அவளைக் கூப்பிடவே எனக்கு வாய் வரவில்லை. சாப்பிட வா, குளிக்கப் போ என்று மொட்டையாகவே பேசிக்கொண்டிருந்தேன். ஆசை ஆசையாக வைத்த பெயர், என் வாயிலேயே கசந்துவிட்டது.

மாற்ற மாட்டேன் என்றுவிட்டாள் மகள். காரணம் கேட்டால் சும்மாதான் என்றாள். எவ்வளவு மிரட்டியும் நடக்கவில்லை, பிடிவாதத்தில் என்னையே உரித்துவைத்திருக்கிறாள்.

அட்டை அலுவலகத்தில் எங்கள் முறைக்காகப் பெஞ்சில் காத்திருந்தோம். நான் வழக்கம்போல வாயை மூடிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து ஒரு அதிகாரி வந்து, தாளைப் பார்த்துத் தடுமாறிப் படித்தார்.

“செவ்வந்தி!”

அவள் எழுந்திருக்கவில்லை. பாவாடை மடிப்பை நீவிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் காதில் விழவில்லையோ என்று நான் தோளைத் தொட்டேன். அதிகாரி இன்னொரு தடவை கூப்பிட்டார். அவள் அசையவில்லை. அங்கே இருந்தவர்களெல்லாம் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சலித்துக்கொண்டு மூன்றாம் தடவை உரக்கக் கூப்பிட்டார்.

“கமிங்,” என்று எழுந்தாள்.

எனக்கு மானம் போயிற்று. முதல் தடவையே எழுந்தால் என்னடி, காது கேட்கவில்லையா என்று பல்லைக் கடித்தேன்.

“கேட்டிச்சு மா,” என்றாள், குரலைத் தாழ்த்தி. “மொதல்ல கூப்டறது எனக்கு இல்ல. அது அவளுக்கு.”

சொல்லிவிட்டு, பக்கத்தில் யாருக்கோ வழிவிடுகிறவள் போல ஓர் எட்டு ஒதுங்கி நடந்து போனாள்.